மாமனார் கழுத்தில் தொங்கிய பாட்டுப்பெட்டி

என் மாமனாருக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்த வாரத்திலேயே, அது யாருடைய தவறு என்ற விசாரணையை அவர் நடத்தி முடித்துவிட்டார். மாமியாரின் சமையல், மதுரை வில்லாபுரத்துத் தண்ணீர், ஓய்வு பெற்றபின் குறைந்துபோன மரியாதை என்று காரணங்கள் வரிசையாகக் கிடைத்தன. டாக்டர் தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னார். "நீங்க நடக்கவே மாட்டேங்கிறீங்க சார்." அதை மட்டும் மாமனார் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவர் வருவாய்த்துறையில் இருந்து, மேலூர் தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர். நடந்து வருபவர்களை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தே பழகியவர். அவர் மனதில், நடப்பது என்பது மனுக் கொடுக்க வருபவர்களின் வேலை. இருந்தாலும் டாக்டர் சொன்னதை நேரடியாக மறுக்க முடியாமல், ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"நடக்கிறேன். அதுக்காகப் பேயடிச்சவன் மாதிரி சும்மா நடக்க முடியாது. பாட்டு வேணும்."

மாமியார் இதை ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது சிங்கப்பூரில் இருந்த மகனிடம் சொன்னார். என் மனைவியின் தம்பி அங்கே ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர். ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் கையில் உடனே ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினான். உள்ளே இருந்தது சிகரெட் லைட்டர் அளவில் ஒரு வெள்ளைச் சாமான். கழுத்தில் மாட்ட ஒரு கயிறு, காதில் செருக இரண்டு முனை உள்ள ஒயர், கம்ப்யூட்டரில் சொருக இன்னொரு ஒயர், கூடவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டி சிடி. கேசட் போட இடமே இல்லாத பாட்டுப்பெட்டியை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை.

அதில் ஒரு பாட்டும் இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரிலிருந்துதான் பாட்டை ஏற்ற வேண்டும். ஆனால் மாமனார் அதற்காகக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே அதைக் கழுத்தில் மாட்டி, இரண்டு காதிலும் ஒயரைச் செருகிக்கொண்டு முக்கு டீக்கடை வரை போய்வந்தார். யாராவது ஏதாவது கேட்டால், ஒரு பக்கத்து ஒயரை மெதுவாக உருவி, "என்ன கேட்டீங்க?" என்பார். "என்னண்ணே பாட்டு?" என்று டீக்கடைக்காரர் கேட்டதற்கு, கண்ணை மூடித் தலையை ஆட்டியிருக்கிறார். ஒன்றுமே ஒலிக்காத ஒரு சாமானுக்கு அப்படித் தாளம் போட எங்கள் வீட்டில் அவரால் மட்டுமே முடியும்.

இந்த இடத்தில் வீட்டில் என் நிலையையும் சொல்லிவிட வேண்டும். நான் எழுமலைக்காரன். மதுரையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கெழுதினேன். என் மனைவி வில்லாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் வேலைக்கு வசதி என்று, அவளுடைய அப்பா வீட்டு மாடியில் குடியிருந்தோம். வாடகை கொடுத்தேன் என்பதை இன்றும் அழுத்திச் சொல்வேன். ஆனால் தெருவில் எனக்கு வைத்திருந்த பெயர் 'வீட்டோட மாப்பிள்ளை'. மாமனாரும் அதை மறுத்ததில்லை. விருந்தாளிகளிடம், "மாப்பிள்ளை மாடியில இருக்காரு" என்பார். மாடி ஏதோ நான் கேம்ப் போட்டிருக்கும் வெளியூர் போலக் கேட்கும்.

அந்த வீட்டில் எனக்கென்று ஒரு கௌரவம் இருந்தது என்றால், அது கீழே ஹாலில் இருந்த கம்ப்யூட்டர்தான். சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்துச் சான்றிதழ் வாங்கிய கையோடு, பாகங்களைத் தனித்தனியாகச் சேர்த்துக் கட்டித் தருகிறவர் ஒருவரிடம் சொல்லி வாங்கியது. மாடியில் வெயில் தாங்காது என்பதால் ஹாலில் வைத்தோம். ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் உண்டு. மாமியார் பூப்போட்ட துணியில் அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தார். உள்ளே ஓடியது தொண்ணூற்றெட்டாம் வருடத்துச் சிஸ்டம். எல்லோரும் அதை 'நைன்ட்டி எயிட்' என்றுதான் சொல்வார்கள். ஊரெல்லாம் எக்ஸ்பி என்ற புதுச் சிஸ்டம் வந்து சில வருடம் ஆகியும், எங்கள் வீட்டில் அந்தச் செய்தி அறிவிக்கப்படவில்லை.

மாமனாரின் பாட்டுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அவருடைய கேசட்டுகள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியபோது, டேப் ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டரின் முதுகுக்கு ஒரு ஒயரைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் முழுதாக ஓடவிட்டுப் பதிந்து வைத்தவன் நான். எனவே பாட்டை ஏற்றுவது எனக்கு ஒரு சின்ன வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

சொருகும் துளை கம்ப்யூட்டரின் பின்பக்கம் இருந்தது. மேசையை இழுத்து, அதற்கடியில் தவழ்ந்து போய்ச் சொருகிவிட்டு, தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தேன். மாமனார் நாற்காலியில், மாமியார் கீரையோடு தரையில், மனைவி பரீட்சைத் தாள்களோடு சோபாவில். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. புதுசாக ஏதோ வந்திருக்கிறது என்றது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, 'அன்னோன் டிவைஸ்' என்றது.

"என்ன சொல்லுது?" என்றார் மாமனார்.

"தெரியலைங்குது மாமா."

"யாரத் தெரியலையாம்?"

"நீங்க வச்சிருக்கிற சாமான."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து, அந்த இரண்டு வார்த்தையையும் தானே படித்தார். அவருடைய மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது, மருமகனின் கம்ப்யூட்டருக்கு யாரென்றே தெரியவில்லை. மாமியார் கீரையை ஆய்ந்துகொண்டே, "நல்லாப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க மாப்ள" என்றார்.

கழற்றி மறுபடி சொருகினேன். இரண்டாவது துளையில் சொருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். எத்தனை முறை கேட்டாலும் அது ஒரே வாக்குமூலத்தையே கொடுத்தது. மாமனாருக்கு அதன்மேல் ஒரு மரியாதைகூட வந்துவிட்டது என்று நினைக்கிறேன். "சாட்சி பிறழ மாட்டேங்குதே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது, ரிசீவரை என்னிடம் கொடுத்தார்கள்.

"சும்மா சொருகுங்க மச்சான், தன்னால எடுத்துக்கும்" என்றான் மைத்துனன்.

"சொருகியாச்சு மாப்ள. எடுக்கல."

"என்ன சிஸ்டம் வச்சிருக்கீங்க?"

சொன்னேன். மறுமுனையில் அவன் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"நைன்ட்டி எயிட்டா? மச்சான், அதெல்லாம் இங்க கண்காட்சியிலகூட வைக்க மாட்டாங்க."

நான் ரிசீவரை மாமனாரிடம் கொடுத்துவிட்டேன். அவர் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு 'ம்'முக்கும் ஒரு முறை கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

அதன்பின் வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. மாமனாரின் வாதம் எளிமையானது. சிங்கப்பூர்ச் சாமான் தப்பாக இருக்காது, எனவே கம்ப்யூட்டர்தான் தப்பு. என் வாதமும் எளிமையானதுதான். அத்தனை கேசட்டையும் வாங்கி வைத்துக்கொண்ட கம்ப்யூட்டர் தப்பாக இருக்காது, எனவே சாமான்தான் தப்பு. வாதம் நடந்ததெல்லாம் நேருக்கு நேர் அல்ல. அவர் மகளிடம் சொல்வார், நான் மனைவியிடம் சொல்வேன். அவள் ஒருத்திதான் என்பதை நாங்கள் இருவருமே மறந்துபோனோம்.

"உன் தம்பி அனுப்புனது மட்டமான சரக்கு" என்றேன் ஒருநாள் சாப்பிடும்போது.

"உங்க கம்ப்யூட்டர் பழைய சரக்குன்னு அப்பா சொல்றாரு."

"நீ என்ன சொல்ற?"

"ரெண்டும் எங்க அப்பா வீட்டுலதான இருக்கு. ரசம் ஊத்தவா?"

இதற்கிடையில் நடை நின்றுபோயிருந்தது. பாட்டில்லாத பெட்டியை மாட்டிக்கொண்டு போன உற்சாகம் சில நாளில் தீர்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் ஒருநாள், "நமக்கும் ஒரு காதுல குடுங்கண்ணே, கேப்போம்" என்று கேட்டுவிட்டாராம். அன்றிலிருந்து மாமனார் வெளியே போகவில்லை. "பாட்டு வரட்டும், நடக்கிறேன்" என்று ஈஸிசேரில் சாய்ந்துவிட்டார். டாக்டரின் உத்தரவுக்கு என் கம்ப்யூட்டர் தடை உத்தரவு வாங்கிக் கொடுத்தது போல ஆகிவிட்டது. இதனால் அதிகம் பாதிக்கப்பட்டவர் மாமியார். அவர் அடுப்படியில் வைத்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எப்படியாச்சும் அதச் சரி பண்ணிருங்க மாப்ள. அவரு காலையில ஒரு மணி நேரம் வெளிய போனாப் போதும், எனக்கு அதுவே பாட்டுக் கேட்ட மாதிரி."

அடுத்த தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. நடத்தியவர் சௌராஷ்டிரக்காரர். சேலை வியாபாரத்தை அண்ணன்களிடம் விட்டுவிட்டு, வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்திருந்தார். எங்களோடு தமிழில் பேசுவார், உள்ளே மனைவியோடு அவர்கள் மொழியில் பேசுவார். கம்ப்யூட்டர் ஏதாவது தகராறு செய்தால் அதனோடும் அந்த மொழியில்தான் பேசுவார். அதனால் நிலைமை எவ்வளவு மோசம் என்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

மாமனாரும் நானும் அவரிடம் போனோம். அவர் சாமானை வாங்கி, அதன் வாயில் ஒரு ஊது ஊதி, தன்னுடைய எக்ஸ்பி ஓடும் கம்ப்யூட்டரில் சொருகினார். 'டிங்' என்று ஒரு சத்தம். உடனே திரையில் அது ஒரு டிரைவாக வந்து நின்றது. உள்ளே காலியாக இருந்தது, ஆனால் வந்து நின்றது.

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த பெருமாள் படத்தைப் பார்த்து, "சாமான் மேல ஒண்ணும் தப்பில்ல" என்றார்.

"பாட்டு ஏத்தித் தரவா சார்? நம்மகிட்டயே நெறைய இருக்கு" என்றார் சென்டர்காரர். ஒன்றைப் போட்டும் காட்டினார். மாமனார் காதில் ஒயரைச் செருகினார், உடனே உருவினார்.

"இதக் கேட்டா நடக்க முடியாது தம்பி. ஓடத்தான் முடியும். எனக்கு என் பாட்டுதான் வேணும்."

அவருடைய பாட்டு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அங்கிருந்து இங்கே கொண்டுவர என்னிடம் இருந்த ஒரே வழி பிளாப்பி. ஒரு பாட்டு ஒரு பிளாப்பியில் அடங்காது. பாட்டுகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுவரலாம் என்று நான் சொன்னதற்கு, "என் கேசட்ட நீங்க பங்கு பிரிக்க வேணாம்" என்றார் மாமனார்.

"அப்ப உங்க சிஸ்டத்துக்கு டிரைவர் போடணும் சார்" என்றார் சென்டர்காரர்.

"டிரைவரா? ஜீப்பு குடுத்திருந்த காலத்திலயே எனக்கு டிரைவர் ஒழுங்கா வந்தது கெடையாது."

கம்ப்யூட்டருக்கும் சாமானுக்கும் நடுவில் நின்று அறிமுகம் செய்து வைக்கும் ஒரு புரோகிராமுக்குத்தான் அந்தப் பெயர் என்று சென்டர்காரர் விளக்கினார். எக்ஸ்பிக்கு அது தேவையில்லை, நைன்ட்டி எயிட்டுக்குத் தேவை. பெட்டியோடு வந்த சிடியில் அது இருக்கும்.

"தரகர்னு சொல்லுங்க" என்றார் மாமனார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சிடியைத் தேடினோம். பெட்டி இருந்தது, அட்டை இருந்தது, பல மொழிகளில் அச்சடித்த காகிதம் இருந்தது, சிடி மட்டும் இல்லை. மாமியாரிடம் கேட்டதற்கு, "எந்த சிடி? அந்தக் குட்டியா, பளபளன்னு இருந்துச்சே, அதுவா?" என்றார்.

"அதுதான் அத்தை."

"அது மொட்டமாடியில தொங்குது."

மேலே போய்ப் பார்த்தேன். கூழ்வற்றல் காயப்போட்டிருந்த சேலைக்கு மேலே, கொடிக்கம்பியிலிருந்து நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் சுற்றிச் சுற்றி வெயிலை நாலாபக்கமும் அடித்தது. ஒரு காக்கையும் அண்டவில்லை. அந்தச் சாமானோடு வந்த பொருள்களில் அதுவரை ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

அவிழ்த்து, கழுவி, துடைத்துக் கம்ப்யூட்டரில் போட்டேன். அது உறுமியது, தேய்ந்தது, மறுபடி உறுமியது. கடைசியில் தட்டை வெளியே தள்ளிவிட்டு அமைதியாகிவிட்டது. மாமியார் எட்டிப் பார்த்து, "வேணாம்னா குடுத்துருங்க, வத்தல் இன்னும் காயல" என்றார். கொண்டுபோய்த் திரும்பவும் கட்டிவிட்டு வந்தேன்.

சென்டர்காரரிடம் மறுபடி போனோம். அவருக்கு இது இப்போது தன்மானப் பிரச்சினையாகியிருந்தது. இன்டர்நெட்டில் தேடினார். ஒரு பக்கம் சீன எழுத்தில் வந்தது, இன்னொன்று பணம் கேட்டது, இன்னொன்று அவருடைய கம்ப்யூட்டரையே முடக்கிவிட்டது. அதனோடு தன் மொழியில் நெடுநேரம் பேசினார். கடைசியில் எங்கோ ஒரு புண்ணியவான், எங்களைப் போன்றவர்களுக்காகவே எல்லாச் சாமானுக்கும் பொதுவாக ஒரு டிரைவரைச் செய்து சும்மா போட்டுவைத்திருந்தது கிடைத்தது. சின்னது, ஒரே பிளாப்பியில் அடங்கியது. "போட்டுப் பாருங்க சார். வந்தா வரும்" என்றவர், எங்களைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் சென்டரை மனைவியிடம் விட்டுவிட்டுத் தானும் கூடவே வந்தார்.

ஹாலில் மறுபடியும் கூட்டம். என் மனைவி இந்த முறை பரீட்சைத் தாள்களை மூடியே வைத்துவிட்டாள். பிளாப்பியைப் போட்டதும் உள்ளே கரகரவென்று கல் அரைப்பது போல ஒரு சத்தம். சென்டர்காரர் அதை எடுத்து, ஊதி, சட்டையில் தேய்த்து மறுபடி போட்டார். எடுத்துக்கொண்டது. நீலக்கோடு நகர்ந்தது. பாதியில் நின்று, சிஸ்டத்தின் ஒரிஜினல் சிடியைப் போடு என்று கேட்டது.

அந்த சிடி எங்களிடம் இல்லை. அந்தக் காலத்தில் மதுரையில் யாரிடம்தான் இருந்தது? கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்தவர் தன் பையிலிருந்து ஏதோ ஒன்றைப் போட்டு எடுத்துப் போனதோடு சரி.

"ஸ்கிப் குடுங்க" என்றார் சென்டர்காரர்.

கொடுத்தேன். வேறொரு ஃபைலைக் கேட்டது.

"அதுக்கும் ஸ்கிப்."

மறுபடி கேட்டது. மறுபடி ஸ்கிப். மாமனாரால் பொறுக்க முடியவில்லை.

"என்ன தம்பி இது? அது ஒவ்வொரு டாக்குமென்ட்டாக் கேக்குது. நீங்க ஒண்ணுமே குடுக்காம மேல மேல போறீங்க. இப்படிப் போனா சேங்ஷன் ஆகுமா?"

"ஆகும் சார். அது சும்மா கேக்கும். இல்லன்னு சொன்னா விட்டுரும்."

மாமனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "இது தெரிஞ்சிருந்தா, எம்புட்டு பேரு எங்கிட்ட நடையா நடந்திருக்க மாட்டாங்க."

கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி வந்தது. நான் மேசைக்கடியில் போய், ஒயரைச் சொருகிவிட்டு, அங்கேயே இருந்தேன். வெளியே வந்து அந்த இரண்டு வார்த்தையை இன்னொரு தடவை படிக்கத் தெம்பில்லை. பிறகு என் மனைவியின் குரல் கேட்டது.

"என்னங்க, வெளிய வாங்க. எஃப்னு ஒண்ணு வந்திருக்கு."

வந்து பார்த்தேன். சி, டி, ஈ என்ற டிரைவ்களின் வரிசையில் கடைசியாக எஃப். புது மருமகள் போல ஓரமாக, அடக்கமாக இருந்தது. சென்டர்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கியது என்று மனைவி பிற்பாடு சொன்னாள். ஒட்டடை விழுந்திருக்கும். மாமனார் நேராகப் போன் இருந்த இடத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல், தானே சிங்கப்பூருக்குப் போட்டார். "நீ அனுப்புன சாமான் வேலை செய்யுதுப்பா. எம்புட்டு நல்ல சாமான்." என்னைப் பற்றியோ, சென்டர்காரரைப் பற்றியோ அந்தப் பேச்சில் எதுவும் வரவில்லை. மாமியார்தான் எங்கள் இருவருக்கும் காபியோடு ஒரு தட்டு நிறைய வறுத்த வற்றலும் கொண்டுவந்து வைத்தார்.

அன்று மாலை பாட்டுகளை ஏற்ற உட்கார்ந்தேன். அந்தச் சாமானில் இடம் அதிகமில்லை. எதை ஏற்றுவது, எதை விடுவது என்று கேட்டேன்.

"மொதல்ல மேலூர் கேசட்டப் போடுங்க. முழுசும் வரணும். மிச்சம் எடமிருந்தா மத்தது" என்றார்.

மேலூரில் ஏதோ கோயில் கச்சேரியில் பதிந்தது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பதியும்போது சத்தத்தைக் குறைத்துவைத்திருந்ததால் எனக்கும் அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அதை ஏற்றியபின் இரண்டே பக்திப் பாட்டுக்குத்தான் இடமிருந்தது. மறுநாள் காலை அவர் காதில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். கண்மாய்க் கரை வரை போய்விட்டு முகம் மலர்ந்து திரும்பினார். அதற்கடுத்த நாளும் போனார். "பாட்டுக்கு என்ன சக்தி பாருங்க" என்று மாமியாரே ஆச்சரியப்பட்டார்.

ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது, என் மனைவி அதை எடுத்துக் காதில் வைத்தாள். வைத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவந்து ஒரு ஒயரை என் காதில் செருகினாள். ஒலிபெருக்கியின் கரகரப்புக்கு நடுவே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அன்னார் எளிமையின் இலக்கணம், அன்னார் நேர்மையின் சிகரம், அன்னார் இல்லாத இந்த அலுவலகம் நிலவில்லா வானம். பலத்த கைதட்டல். அது மாமனாரின் பணி நிறைவுப் பாராட்டு விழா. மாலை போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். டாக்டர் நடக்கச் சொன்ன தூரமெல்லாம், அவர் தன் புகழைத் தானே கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்.

"சொல்லிறாதீங்க" என்றாள் மனைவி. நான் சொல்லவில்லை. ஒரு மனிதரைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொன்ன நாள் அதுதான் என்றால், அதைத் திரும்பக் கேட்பதில் யாருக்கு என்ன நட்டம்?

ஆனால் சர்க்கரை குறையவில்லை, கூடியது. டாக்டர் கேள்விக்குறியோடு பார்த்தார். உண்மை என்னவென்றால், கண்மாய்க் கரைக்குப் போகும் வழியில் டீக்கடை இருந்தது. பாராட்டைக் கேட்டுக்கொண்டே நடந்தவருக்கு, பாராட்ட ஆள் தேவைப்பட்டது. தெரிந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் டீ, டீ என்றால் வடை. வடையோடு, அதுவரை நடந்த கணக்கு நேராகிவிட்டது. டீக்கடையைத் தாண்டி நடக்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அதன் பக்கவாட்டில் இருந்த சின்னப் பொத்தானை அவர் அழுத்திப் பார்த்தார். அது பேச்சைப் பதிவு செய்யும் பொத்தான். அதற்கு இடம் வேண்டும் என்று, இருந்த இரண்டு பக்திப் பாட்டையும் என்னை அழிக்கச் சொன்னார்.

வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சொன்னதை வாக்குமூலமாக எழுதி வாங்கியவர் கையில், பேசினாலே பதிந்துகொள்ளும் சாமான் கிடைத்தால் என்ன ஆகும்? முதலில் மாமியாரைப் பதிந்தார். காலையில் காபிக்குச் சர்க்கரை போடவில்லை என்று சொன்னதை மாலையில் போட்டுக் காட்டினார். கேபிள்காரர் சொன்ன சாக்கைப் பதிந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடையை அடைத்தது தானில்லை என்று சொன்னதைப் பதிந்து, மறுவாரம் அவர் முன்னாலேயே ஓடவிட்டார். இடம் நிறைந்ததும் என்னிடம் வருவார். நான் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக் காலி செய்து கொடுப்பேன். என் கம்ப்யூட்டர் அந்தத் தெருவின் ரெக்கார்டு ரூம் ஆனது. இதற்குப் பிறகு அதைப் பழையது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

செய்தி டீக்கடைக்கு எட்ட நாளாகவில்லை. அதுவரை உள்ளூர் அரசியல் முதல் அடுத்த வீட்டு நகை அடகு வரை தாராளமாகப் பேசிக்கொண்டிருந்த பெஞ்சு, கழுத்தில் வெள்ளைச் சாமானோடு அவர் தூரத்தில் வருவதைக் கண்டதும் அடங்கிவிடும். ஒருவர் பல்லைக் குத்துவார், இன்னொருவர் பேப்பரில் முகத்தைப் புதைப்பார்.

"வாங்கண்ணே" என்பார் டீக்கடைக்காரர்.

"என்னப்பா, பேச்சையே காணோம்?"

"என்னத்தண்ணே பேச. நீங்க நடங்க, வெயிலுக்கு முன்னாடி."

உட்காரச் சொல்ல ஆளில்லை. வேறு வழியில்லாமல் அவர் நடந்தார். அன்றைக்குக் கண்மாய்க் கரை வரை. யாரும் பேச்சுக் கொடுக்காததால் அதைத் தாண்டியும் நடந்தார். அவனியாபுரத்துப் பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு வரத் தொடங்கினார். வழியில் ஆள் கிடைக்காத நாளில் நாய் குரைப்பதையும், தலைக்கு மேல் விமானம் போவதையும் பதிந்துகொண்டு வந்தார். அதையும் நான் இறக்கி வைத்தேன். சட்டை தொளதொளவென்று ஆனது. மாமியாருக்குக் காலையில் ஒரு மணி நேரம் என்பது இரண்டானது. அவர் முகத்தில் எனக்கு அதுவரை தெரியாத ஒரு தெளிவு வந்தது.

அடுத்த முறை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் அசந்துபோனார். "எப்படி சார் இது?" என்று கேட்டார். மாமனார் கழுத்திலிருந்ததைத் தூக்கிக் காட்டி, "பாட்டு. மகன் சிங்கப்பூர்ல இருந்து அனுப்புனது" என்றார். அதோடு, இதற்கு ஏற்ற கம்ப்யூட்டரும் வேண்டும், அது மாப்பிள்ளையிடம் இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை சொன்னார். பக்கத்தில் நின்ற நான் சுவரில் இருந்த இருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் நல்லவர், தனக்குத் தெரிந்ததை நான்கு பேருக்குச் சொல்கிறவர். அடுத்த சில வாரங்களில் எங்கள் பகுதியில் சர்க்கரை உள்ளவர்களுக்கெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்து வெள்ளைச் சாமான்கள் வந்து சேர்ந்தன. துபாய், மஸ்கட், ஒன்று மட்டும் அமெரிக்கா. அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் வயதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் பேச்சுக்குரல் கேட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும், மில் சூப்பர்வைசர் ஒருவரும் கழுத்தில் சாமானோடு நின்றிருந்தார்கள். மாமனார் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளயக் கூப்புடு" என்று மகளிடம் சொன்னார். "அந்தப் பிளாப்பியையும் எடுத்துட்டு வரச் சொல்லு. பழைய சட்டையாப் போட்டுட்டு வரட்டும், மேசைக்கடியில தவழ வேண்டியிருக்கும்."